குறை சொல்ல இடமில்லாத வரன்: கிருஷ்ணகிரித் திருமணத் தகவல் மையம் ஒன்றில் ஏழு மாதங்கள்

கடந்த தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கிருஷ்ணகிரி நகரில் உள்ள ஒரு திருமணத் தகவல் மையத்தில் என் தந்தை எனக்காகப் பதிவு செய்தார். ஆவணி முடியப்போகும் இந்த வேளையில், அந்த மையம் தந்த சேவையைப் பற்றி, அடுத்துப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுத விரும்புகிறேன். மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியது அன்று. தருமபுரியிலும் ஓசூரிலும் என் தோழிகள் நிரப்பிக் கொடுத்த படிவங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டேன், கட்டங்களின் வரிசை மாறுகிறதே தவிர கட்டங்கள் மாறவில்லை. எனக்கு வயது 29. கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாங்கூழ் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 6 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக்கான பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய். திருமணம் உறுதியானால் இரு வீட்டாரும் தனித்தனியே 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும். சென்ற வாரம் வரை இவை தவிர ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை, வாங்கிய தொகைக்கெல்லாம் ரசீது கொடுத்தார்கள். அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது. அங்கே வருபவர்களில் முழங்கால் வலியுள்ள பெற்றோர்களே அதிகம் என்பதை நினைத்தால் அந்தச் செங்குத்தான படிக்கட்டைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் கீழே நின்று தொலைபேசியில் அழைத்தால் ஊழியர் ஒருவர் கோப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுகிறார். சாதிக்கொரு நிற அட்டை போட்டு அலமாரியில் அடுக்கியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை என்றாலும், அதை எதிர்பார்க்காமல்தான் உள்ளே போனேன் என்று சொன்னால் அது பொய். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இவர்கள் சரிபார்க்கிறார்கள். சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டு, சொந்த வீடு என்றால் வீட்டு வரி ரசீது, குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியிருந்தால் அந்தத் தெருவின் டீக்கடையில் ஒரு விசாரிப்பு. இணையத்தில் 5 அடி 9 அங்குலம் என்று போட்டுவிட்டு நேரில் 5 அடி 5 அங்குலமாக வந்து நின்றவர்களைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு, இந்த மையம் காட்டிய வரன்கள் காகிதத்தில் இருந்தபடியே நேரிலும் இருந்தது பெரிய ஆறுதல்.

படிவம் 2 பக்கம், 38 கட்டம். நட்சத்திரம், ராசி, லக்னம், தோஷம் உண்டா, உயரம், நிறம், படிப்பு, சம்பளம், குலதெய்வம், உடன்பிறந்தோர் எத்தனை பேர், அவர்களில் திருமணமானோர் எத்தனை பேர், நிலம் எத்தனை ஏக்கர், அதில் கிணறு உண்டா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் பக்கத்தின் அடியில் 'எதிர்பார்ப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது; என் சுண்டுவிரலின் நீளம்தான் இருக்கும். அதை அப்பா நிரப்பினார்: 'நல்ல குடும்பம், அரசுப் பணி, கெட்ட பழக்கம் கூடாது.' நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று அவர் கேட்கவும் செய்தார்; எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே, இந்தக் கட்டுரையில் மையத்தின் மேல் நான் வைக்கும் குறையில் பாதி என் கணக்கிலும் சேர வேண்டியது.

முதல் 3 வரன்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒருவர் பெங்களூரில் இருந்தார், திருமணத்துக்குப் பிறகு நான் வேலையை விட வேண்டும் என்றார். ஒருவருக்கு ஜாதகத்தில் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டியது. ஒருவர் வீட்டாருக்கு எங்கள் நிலம் போதவில்லை. நான்காவது வரன் பங்குனியில் வந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர், வயது 32, காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வீடு. பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் வாங்கிவரும் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக அவர் காவேரிப்பட்டினத்து நிப்பட்டு வாங்கி வந்திருந்தார். எனக்கு இனிப்பு பிடிக்காது என்பதை மையத்தின் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அப்பா இதைப் பற்றி அன்றிரவு முழுவதும் பேசினார். அந்த ஆசிரியரைப் பற்றி இதுவரை நான் அறிந்தவை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே. தினமும் இரவு 9 மணிக்கு அழைப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்பார். ஆலையில் இரவு ஷிப்ட் என்றால் பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்தேனா என்று கேட்பார். 4 நிமிடத்தில் வைத்துவிடுவார். குரல் உயர்த்திப் பேசியதில்லை. வரதட்சணை என்ற சொல்லை அவர் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் தொடர்ந்து வேலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள் என்றார்.

இப்படிப்பட்டவரைப் பற்றி ஒரு பெண் தயங்கினால் அவளை இந்த ஊர் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். ஊர் சொல்வதற்கு முன் நானே என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஜாதகப் பொருத்தத்தில் 10க்கு 8 வந்தது. பொருந்தாத இரண்டில் ஒன்று வசியம். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஈர்ப்பு இருக்குமா என்பதைச் சொல்வதாக நம்பப்படும் பொருத்தம் அது. ரஜ்ஜு இல்லை என்றால் ஜோதிடர் ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிடுவார். வசியம் இல்லை என்றால் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஒவ்வொரு ராசிக்கும் ஓரிரு ராசிகளே வசியம் என்பதால் பெரும்பாலான ஜோடிகளுக்கு அது அமைவதில்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை என்று அவரே விளக்கினார். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை குறைவு. இருந்தாலும், நம் முன்னோர் 10 கேள்விகளில் ஒன்றை இதற்காக ஒதுக்கி வைத்ததும், நாம் அந்த ஒன்றை மட்டும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று தள்ளிவிட்டதும் என் மனத்தில் தங்கிவிட்டன. மையத்தின் 38 கட்டங்களில் அந்தப் பத்தில் ஒன்றும் காணாமல் போயிருந்தது.

இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலைக்கு வருவதில் பெரும்பகுதி பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாங்காய். காய்ப்பில் ஏமாற்றாது, லாரியில் அடிபட்டாலும் தாங்கும், கூழ் நிறைய இறங்கும்; மணம்தான் குறைவு. அல்போன்சா மணக்கும், ஆனால் ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு கைவிரிக்கும், வெளியே பொன்னாக இருந்து உள்ளே சதை பஞ்சாகிப் போயிருப்பதும் உண்டு. இந்த இடத்தில் வாசகர்களுக்குத் தோன்றும் உவமை எனக்கும் தோன்றியது. அம்மாவிடம் சொன்னபோது, மனுஷனை மாங்கூழ் என்று நினைத்தாயா என்று திட்டினார். திட்டு நியாயமானது என்பதால் உவமையை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது சோதனை முறையைப் பற்றி. கூழின் இனிப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது. ஒரு சொட்டு வைத்தால் போதும், பெங்களூராவுக்கு இனிப்பின் அளவான பிரிக்ஸ் 14க்குக் கீழே போகக் கூடாது. புளிப்பை அளக்கவும், கெட்டித்தன்மையை அளக்கவும் தனித்தனி முறைகள் உண்டு. பிடிக்கிறதா என்பதை அளக்க மட்டும் கருவி கிடையாது, அதற்கு மனிதர்களைத்தான் உட்கார வைக்கிறோம்.

அந்தச் சோதனைக்கு உணவுத் துறையினர் பயன்படுத்துவது, அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு எந்த உணவு பிடிக்கிறது என்று அறிவதற்காக உருவாக்கிய 9 புள்ளி அளவுகோல். 9 என்றால் மிக மிகப் பிடிக்கிறது. 1 என்றால் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நடுவில் உள்ள 5, பிடிக்கிறது என்றும் சொல்ல முடியாது, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது என்ற நிலைக்கு. 6 லேசான விருப்பம், 7 ஓரளவு விருப்பம். சுவைப்பவரைத் தனித் தடுப்புக்குள் உட்கார வைப்போம். பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியக் கூடாது. கோப்பையில் வெறும் 3 இலக்க எண் மட்டும் இருக்கும். எந்தத் தோப்பு, எந்த ரகம், என்ன விலை என்று சொல்ல மாட்டோம். பசியோடும் உட்காரக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் உட்காரக் கூடாது. ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் வாய் கொப்பளிக்க வேண்டும். இவ்வளவும் எதற்கென்றால், அவர் எழுதும் எண் அவருடைய எண்ணாக மட்டும் இருப்பதற்கு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பெண் பார்த்தபோது 14 பேர் இருந்தார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முன்பே பதில் வேண்டும் என்பதால், அத்தை என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்த் தோளில் கை வைத்துக்கொண்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பது வழக்கம். ஆனால் அத்தை கேட்ட நேரத்தில் அடுப்பில் 20 பேருக்கான சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, இலைகளை என் தம்பி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். நான் தலையசைத்தேன். மாலையில் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. அழைப்பு அப்பாவுக்கு. 'பொண்ணுக்குப் பிடிச்சிருக்குங்களா?' என்று நிர்வாகி அம்மா கேட்டது எனக்கும் கேட்டது. 'பிடிச்சிருக்குங்க' என்று அப்பா சொன்னார். பொய் சொல்லவில்லை அவர். நம் மொழியில் இந்தச் சொல்லுக்குச் சுமை அதிகம்; சாம்பாருக்கும், சேலைக்கும், வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் படுத்திருக்கப்போகிறவருக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். என் ஆய்வகத்தின் தடுப்புக்குள் என்னை உட்கார வைத்திருந்தால் அன்று நான் 6 என்று எழுதியிருப்பேன். நிப்பட்டுக்காக ஒருவேளை 7.

ஈர்ப்பு என்றால் என்னவென்று தெரியாமல் இதை எழுதவில்லை. கல்லூரிக் காலத்தில் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் ஒருவர் வருவதற்காக 3 பேருந்துகளை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். அவர் வருவது தூரத்தில் தெரிந்தவுடன் கையில் இருந்த பயணச்சீட்டைக் கசக்கிவிடுவேன். அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவர், இரண்டு ஆண்டுகளில் முடிந்தது, முடிந்தது நல்லது. ஆகவே, தவிப்பு இருந்தால் வாழ்க்கை நன்றாக அமைந்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, அமையாது என்பதற்கு நானே சாட்சி. என் கேள்வி வேறு. அது துளியும் இல்லாமல் தொடங்கலாமா என்பதே.

பெண் பார்த்த பிறகு ஆசிரியரை முதன்முறை தனியாகச் சந்தித்தது வைகாசியில், தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய கிருஷ்ணகிரி அணையில். தனியாக என்றால், 30 அடி தள்ளி என் தம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அணையில் தண்ணீர் குறைவாக இருந்தது. முழு மட்டம் 52 அடி என்று அவர் சொன்னார். ஆசிரியர் என்பதால் பலகையைப் படிக்காமலேயே தெரிந்திருந்தது. அணைக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதைப் போல மீன் வறுவல் வாங்கினோம். ஜிலேபி மீனில் முள் அதிகம். அவர் தன் தட்டில் இருந்ததைத் தொடாமல், ஒரு துண்டின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தடவிச் சரிபார்த்து, எடுத்த முட்களைக் காகிதத்தின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, சதையை என் தட்டுக்கு நகர்த்தினார். யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. என் தாய் செய்திருப்பார், நினைவில்லாத வயதில். எனக்கு அப்போது உண்டான உணர்ச்சியை நேர்மையாகச் சொல்வதென்றால், நெரிசலான பேருந்தில் எழுந்து இடம் கொடுத்த ஒருவரிடம் தோன்றும் நன்றி. இறங்கும் நிறுத்தம் வரை அந்த நன்றி இருக்கும். அவருடைய விரல் என் விரலில் பட்டது. பட்டது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் அழுதேன்.

இதைச் சொன்ன இடத்திலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: எல்லாம் பிறகு வந்துவிடும். எண்களோடு பிழைப்பவள் என்பதால் இரவு ஷிப்ட்டின் இடைவேளைகளில் இதற்கு ஆதாரம் தேடினேன். வந்துவிடும் என்ற கட்சிக்கு 1982இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரிடம் நடத்திய ஓர் ஆய்வு இருக்கிறது; தொடக்கத்தில் காதல் மணம் புரிந்தவர்களிடம் அன்பின் அளவு கூடுதலாகவும், சில ஆண்டுகள் கழிந்த பின் பெற்றோர் பார்த்து முடித்தவர்களிடம் கூடுதலாகவும் இருந்ததாம். 2012இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரு வகைக்கும் வேறுபாடே தெரியவில்லை. அதே 2012இல் வெளியான இன்னோர் ஆய்வுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. லாஸ் ஏஞ்சலீஸில் புதிதாக மணமான 232 தம்பதியரை 4 ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். திருமணத்துக்கு முன் தயக்கம் இருந்ததா என்ற கேள்விக்குக் கணவர்களில் 47 சதவீதம் பேரும் மனைவியரில் 38 சதவீதம் பேரும் ஆம் என்றார்கள். தயங்கிய பெண்களில் 19 சதவீதம் பேருக்கு 4 ஆண்டுகளுக்குள் மணமுறிவு ஏற்பட்டது; தயங்காத பெண்களில் 8 சதவீதம். அதாவது, தயக்கம் பெண்களுக்குக் குறைவாக வருகிறது, வந்தால் அதற்குக் கனம் இருக்கிறது. மீதி 81 சதவீதம் பேர் பிரியவில்லையே என்று தம்பி கேட்டான். எங்கள் ஆலையில் ஒரு தொகுதியில் 19 சதவீதம் டப்பா உப்பினால் மீதியை விற்க மாட்டோம் என்றேன். தவிர, அந்த ஊர்க் கணக்கு இந்த ஊருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே பிரியாமல் இருப்பவர்களின் எண்ணிக்கைக்குள் பிள்ளைகளுக்காக இருப்பவர்களும் அப்பாவின் முகத்துக்காக இருப்பவர்களும் அடங்குவார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஆவணியில் நாள் குறித்தார்கள். ஆவணியை விட்டால் புரட்டாசி வந்துவிடும் என்று மையத்திலிருந்து வாரத்துக்கு 2 முறை அழைத்தார்கள். சேவையின் இந்தப் பகுதிக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். வரன் தேடுவதில் காட்டிய நிதானத்தில் பாதியையாவது முடிப்பதிலும் காட்டியிருக்கலாம். ஆடி மாதம் ஒருநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல், அந்தப் படிக்கட்டில் நானே ஏறிப் போனேன். நிர்வாகி அம்மாவுக்கு 60 வயதுக்கு அருகில் இருக்கும். தேநீர் வரவழைத்துக் கொடுத்து முழுவதையும் கேட்டார். 'பிடிக்கலைன்னு நீ சொல்லலையே கண்ணு?' என்றார். இல்லை என்றேன். 'அப்புறம் என்ன?' என்றார். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வரனைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன: ஜாதகம், வசதி, படிப்பு, தூரம், தோற்றம், பழக்கவழக்கம். 'ஜாதகம்னு போட்டுடலாம். எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. யாருக்கும் மனசு நோகாது' என்றார்.

இந்த மையத்தின் மேலும், இதைப் போன்ற எல்லா மையங்களின் மேலும் எனக்குள்ள குறை அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஒருவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அவரிடம் ஒரு குற்றத்தைக் காட்ட வேண்டும். குற்றம் இல்லாதவரை வேண்டாம் என்று சொல்ல இங்கே வழி இல்லை. ஜாதகம் என்று போட்டால், 8 பொருத்தம் உள்ள ஜாதகத்தில் ஏதோ மறைவாக இருக்கிறது என்று அடுத்த பெண் வீட்டார் நினைப்பார்கள். பழக்கவழக்கம் என்று போட்டால், முள் எடுத்துக் கொடுத்த ஒரு மனிதருக்கு நான் செய்யும் துரோகம் அது. குற்றம் இல்லை என்பதற்காகவே சரி என்று சொல்லிவிட்டால், அதுவும் அவருக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை. தன்னை ஒருத்தி ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொண்டாள் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். சரிபார்ப்புக்காகவும் ரசீதுக்காகவும் அந்த மூன்றரை. மீதி ஒன்றரையைப் பெற அவர்கள் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் அன்று. என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவர் எலத்தகிரியைச் சேர்ந்த கத்தோலிக்கர். அவர்கள் வழக்கத்தில் 3 ஞாயிறுகள் கோயிலில் திருமண ஓலை வாசிப்பதோடு, திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் போக வேண்டும். அதற்கு முன் பங்குத் தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் சம்மதிக்கிறாயா என்று கேட்டு எழுதி வாங்குகிறார். அங்கேயும் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள் என்று தோழி சிரித்தார். இருக்கலாம். ஆனால் ஒருமுறையாவது கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார்கள். இந்த மையத்திலும் ஒரு சிறிய அறை இருக்கிறது. இப்போது அதில் பழைய கோப்புகளையும் ஒரு கெட்டுப்போன ஜெராக்ஸ் இயந்திரத்தையும் போட்டுவைத்திருக்கிறார்கள். அதைக் காலி செய்து 2 நாற்காலி போட்டால் போதும். அழைப்பைப் பெண்ணின் எண்ணுக்கே செய்தால் போதும். அந்தச் சுண்டுவிரல் கட்டத்தை ஒரு கை அளவுக்குப் பெரிதாக்கினால் இன்னும் நல்லது.

தாளை நிரப்பாமல் திரும்பிவிட்டேன். அந்த வாரக் கடைசியில் அவரை மீண்டும் அணைக்கு வரச் சொன்னேன். இந்தமுறை மீன் வாங்கவில்லை. என்னைப் பார்க்க வரும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். கணக்கைத் தந்ததைப் போல நெடுநேரம் யோசித்தார். 'நிம்மதியா இருக்குங்க' என்றார். வேறு என்றேன். 'வேற வேணுமா?' என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதனால் பயமாக இருக்கிறது என்றேன். இதைச் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மதகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு 9 மணி அழைப்பு வரவில்லை.

மறுநாள் விடியற்காலை 5:50க்கு வந்தது. ஷிப்ட் முடிந்து ஆலை வாசலில் நின்றிருந்தேன். 'நீங்க கேட்டதை ராத்திரி முழுக்க யோசிச்சேன். எனக்கு நேத்துக் கொஞ்சம் கோபம் வந்துச்சு. அப்புறம், உங்க மேல எனக்குக் கோபம் வர்றது இதுதான் முதல் தடவைன்னு தோணுச்சு' என்றார். நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. பேசி முடித்தபோது ஆலைப் பேருந்து போய்விட்டிருந்தது. கைப்பேசியைப் பார்த்தேன், 22 நிமிடம்.

நாளைத் தள்ளிவைக்க வேண்டும் என்று இருவரும் அவரவர் வீட்டில் சொன்னோம். அவர் வீட்டில் எப்படிச் சொன்னார் என்று கேட்கவில்லை. என் வீட்டில் 2 நாள் யாரும் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அம்மா களி கிண்டிக் கீரை கடைந்து கூப்பிட்டார். தைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு சொன்னார். அதை மையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால் சென்ற வாரம் மீண்டும் அந்தப் படிக்கட்டில் ஏறினேன். நிர்வாகி அம்மா என் கோப்பை எடுத்து, 'தள்ளிவைத்த காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, 'என்னன்னு எழுதட்டும் கண்ணு?' என்றார். இன்னும் நாலு தடவை பேசிப் பார்க்க வேண்டும் என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, 'மாங்கா சீசன்' என்று எழுதினார். சீசன் ஆடியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்னேன். 'தை வரைக்கும் இதை யாரும் எடுத்துப் பார்க்கப் போறதில்லை' என்று கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். தேதி மாற்றத்துக்குக் கட்டணம் 200 ரூபாய்.